அஹ்லெ என்று கூப்பிட்ட மனுசன்

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு வேலை செய்கிற பெடியன் ஒருவன் பாரிசுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்து வெள்ளைக்காரப் பெடியன். இறைச்சி, மீன் ஒன்றும் தொடமாட்டானாம். இந்தப் பெரிய செய்தியை மகள் அவன் கதிரையில் இருந்த பிறகுதான் சொன்னாள். என் மனைவியோ விடிய எழும்பி ஆட்டிறைச்சிக் கறியும் கணவாய்ப் பிரட்டலும் வைத்திருந்தாள். "ஐயோ, அப்ப இந்தப் பிள்ளை என்னத்தைச் சாப்பிடும்?" என்று அவள் பதற, முட்டை சாப்பிடுவான் என்று மகள் சொன்னாள். மனைவி குசினிக்குள் ஓடி, சுவரில் ஆணியில் தொங்கிய சின்னத் தாச்சியை எட்டி எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

எண்ணெய்ச் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். இருபது வருசமாக அந்தத் தாச்சியில் எங்கள் வீட்டில் ஒன்றும் பொரித்ததில்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவசரத்தில் கைக்கு எட்டியது அது, அவ்வளவுதான்.

இரண்டு முட்டையையும் புட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும் பெடியன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு தன்பாட்டில் சொன்னான்: "அஹ்லெ!"

கடவுளே. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை காலம்! நடுவில் வருகிற ‘ஹ்’ தொண்டையின் அடியில் இருந்து, சளியைக் காறப் போகிற மாதிரி வரவேண்டும். பெடியன் சரியாகத்தான் சொன்னான். இதென்ன சொல் என்று மகள் பிரெஞ்சில் கேட்க, தன் தாத்தாவின் பாஷை, அல்சாஸ் பக்கத்து ஜேர்மன், சாப்பிடுகிறது என்று கருத்து என்றான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வெறுமனே சாப்பிடுறதில்லை. தங்கட ஆக்களோட கூடியிருந்து ஆசையாச் சாப்பிடுறது. அதோட, அது ஜேர்மன் சொல்லே இல்லை" என்றேன்.

பெடியன் வாயைப் பிளந்தான். மகள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவேண்டும். முப்பது வருசமாகப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கொத்துரொட்டி விற்ற அப்பாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிற பார்வை. தெரிந்த கதையைச் சொன்னேன். சிரிப்பு வருகிற பாதியைத்தான் சொன்னேன். மற்றப் பாதியை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என் வீட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கப் போவதில்லை என்பதால் கொஞ்சம் துணிவாக இருக்கிறது.

பாரிசுக்கு வந்த புதிதில் எனக்கு இருபத்துநாலு வயது. லா சப்பலில் ஒரே அறையில் ஆறு பேர். சமையல் இரவில் மட்டும்தான், காலையில் வெறும் தேத்தண்ணி. அந்த அறைக்கு மூத்தவரான சிவம் அண்ணைதான் தான் வேலை செய்த இடத்திலேயே என்னைச் சேர்த்துவிட்டார். கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அல்சாஸ்காரரின் சாப்பாட்டுக்கடை அது. குசினி நிலத்துக்குக் கீழே. படியில் இறங்கும்போதே புளிக்கவைத்த கோவா இலையின் மணம் மூக்கில் ஏறும். முதல் கிழமை அந்த மணத்துக்கு வயிற்றைப் பிரட்டியது. இப்போது எங்கேயாவது அந்த மணம் வந்தால் வாயில் தண்ணி ஊறுகிறது, மனசு வேறு என்னவோ செய்கிறது. சிவம் அண்ணைக்குக் கிழங்கு உரிக்கிற வேலை. எனக்குச் சாப்பாட்டுக் கோப்பை கழுவுகிற வேலை.

பெரிய சமையல்காரரின் பெயர் ரெனே. நாங்கள் ஷெஃப் என்று கூப்பிடுவோம். அறுபதை நெருங்குகிற ஆள், நெஞ்சு அகலம், கை இரண்டும் சிவந்து தடித்திருக்கும். மத்தியானக் கூட்டம் வரமுன்னம், பதினொரு மணிக்கு வேலையாட்கள் எல்லாரும் நீட்டு மேசையில் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறது அங்கே வழக்கம். ரெனே அகப்பையால் பானையில் இரண்டு தட்டுத் தட்டி "அஹ்லெ!" என்று கத்துவார். முதல் நாள் என் முன்னால் வந்து நின்று, தனியாக எனக்கு ஒருதரம் சொன்னார்.

சிவம் அண்ணை எனக்கு மூன்று பிரெஞ்சு வசனம் பாடமாக்கித் தந்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துவிட்டேன். "நொன், மெர்சி. ஜே மோன்ஜே." வேண்டாம், நன்றி, சாப்பிட்டிட்டன்.

பொய்தான். குடல் கருகிக்கொண்டிருந்தது. ஆனால் முதல் தரம் கூப்பிட்டதும் போய் இருக்கிறவனை எங்களுடைய ஆட்கள் என்ன சொல்லுவார்கள்? காணாததைக் கண்டவன் என்பார்கள். முதல் தரம் "இப்பதான் சாப்பிட்டனான்" என்கவேண்டும். இரண்டாந்தரம் "சும்மா இருங்கோ, பசிக்கேல்லை." மூன்றாந்தரம் அவர்கள் கையைப் பிடித்து இழுத்து இருத்துவார்கள். அப்போது "கொஞ்சமாப் போடுங்கோ" என்று சொல்லி இருந்து, நாலு தரம் வாங்கிச் சாப்பிடலாம். உலகம் முழுக்க இதுதான் முறை என்று நான் நினைத்திருந்தேன்.

ரெனே "சரி" என்றார். போய் இருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

நான் குழாயடியில் நின்று இரண்டாந்தரத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாளும் ஒருதரம்தான் கேட்டார். நானும் மரியாதையாக வேண்டாம் என்றேன். சிவம் அண்ணைக்கு முதுகு என் பக்கம், காலையில் எனக்கு முன்னமே வேலைக்குப் போகிறவர், நான் இரவு மிஞ்சினதைச் சாப்பிட்டு வருகிறேன் என்று நினைத்தாராம். என்ன சொல்ல, ஒன்பது நாள் இப்படிப் போனது.

ஒன்பதாம் நாள் மேலே இருந்து வந்த கோப்பை ஒன்றில் அவித்த கிழங்கு அரைவாசி கிடந்தது. ஒரு பக்கத்தில் ஆரோ கடித்த பல் அடையாளம். நான் சுற்றிப் பார்த்துவிட்டு எடுத்து வாயில் போட்டேன். மற்றவர் வாய் வைத்த தண்ணியைக் குடிக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். விழுங்கமுன்னம் தலையை நிமிர்த்தினால் முன்னால் ரெனே நிற்கிறார்.

மனுசன் என் கையில் இருந்த கோப்பையை மெல்ல வாங்கித் தொட்டிக்குள் வைத்தார். என்னை மேசையில் இருத்திவிட்டு, சிவம் அண்ணையைக் கூப்பிட்டு விசாரித்தார். சிவம் அண்ணை தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார்: "எங்கட ஆக்கள் மூண்டாந்தரம் கேட்டாத்தான் ஷெஃப் இருப்பினம். ரெண்டுதரம் இல்லையெண்டு சொல்றது மரியாதை." ரெனே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு நான் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த நாளில் இருந்து அது எங்களுக்குள் ஒரு விளையாட்டானது. சிவம் அண்ணையிடம் தமிழ் எண்ணைக் கேட்டுப் பழகிக்கொண்டு, என் முன்னால் வந்து விரலை நீட்டுவார். "அஹ்லெ. ஒண்டு!" நான் தலையை ஆட்டி வேண்டாம் என்பேன். "ரெண்டு!" சும்மா இருங்கோ என்பேன். "மூண்டு!" என்று அவர் கத்த, நான் கையைத் துடைத்துக்கொண்டு போவேன். மேலே பரிமாறுகிற பெடியங்கள் இதைப் பார்க்கவே இறங்கி வருவார்கள். மகளுக்குச் சொன்ன பாதி இவ்வளவும், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதும்தான். கடித்த கிழங்கை மட்டும் அதிலும் விட்டுவிட்டேன்.

அங்கே அநேகமான நாட்களில் பன்றியும் மாடும்தான். நான் மாடு சாப்பிடுவதில்லை, பன்றியைப் பார்க்கவே ஏலாது. ஒரு மாதம் கழித்து ரெனே எங்கேயோ போய் ஒரு சின்னத் தாச்சி வாங்கி வந்து, பிடியில் கத்தியால் மூன்று கோடு கீறினார். இது உனக்கு மட்டும், இதில் வேறு ஒன்றும் பொரிக்கமாட்டேன் என்று இரண்டு முட்டை உடைத்து ஊற்றினார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏன் தெரியுமா? ஊரில் எங்கள் வளவுக்கு வேலைக்கு வருகிற ஆட்களுக்குத் தனிப் பேணி, தனிக் கோப்பை. பின்பக்க வேலியில் ஓலைக்குள் செருகி வைப்போம். குடித்துவிட்டு அவர்களே கழுவி அங்கேயே செருகவேண்டும். நானே எத்தனையோ நாள் எட்டத்தில் நின்று, பேணியில் கை படாமல் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறேன். ஆகவே தனித் தாச்சி என்றதும் என் புத்தி அந்த வேலிக்குத்தான் போனது. என்னை ஒதுக்கி வைக்கிறான் வெள்ளைக்காரன் என்று நினைத்தேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். செய்தவனுக்குத்தானே அந்த நினைப்பு முதலில் வரும்.

நாலாம் நாள் கூட்டம் குறைந்த பின்நேரம் ரெனே கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார். என் பிரெஞ்சுக்கு ஏற்றமாதிரி ஆறுதலாகக் கதைத்தார். தங்கள் ஊர்ப் பேச்சில் மனுசர் சாப்பிடுவதற்கு ஒரு சொல், மாடு தின்பதற்கு ஒரு சொல் என்றார். எங்களிலும் அப்படித்தான், கோபம் வந்தால் மனுசருக்கும் மாட்டின் சொல்தான் என்றேன். சிரித்தார். ஆனால் அஹ்லெ அந்த இரண்டும் இல்லையாம். அது மாட்டு வியாபாரிகளின் சொல். அவருடைய ஊரில் மாட்டு வியாபாரம் செய்தவர்கள் யூதர்கள். ஊர் ஜேர்மனைத்தான் பேசுவார்கள், ஆனால் தங்களுக்குள் கதைக்கும்போது வேதம் படிக்கிற எபிரேயச் சொற்களையும் கலந்துகொள்வார்கள். எபிரேயத்தில் சாப்பிடுகிறதுக்கு உள்ள சொல்தான் அப்படி அஹ்லெ ஆனது. விலை பேசி, கையில் கை அடித்து, வியாபாரம் முடிந்ததும் "சரி, அஹ்லெ!" என்று இருப்பார்கள். கூட இருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டே வயல் செய்கிற கமக்காரருக்கும் அந்தச் சொல் தொற்றிவிட்டது. தன் அப்பா அதைத் தன் பாட்டன் தேடிவைத்த சொத்து மாதிரித்தான் பாவித்தார் என்றார் ரெனே.

அவர்கள் வீட்டுக்கு வந்துபோன வியாபாரி, தங்கள் மத முறைப்படி, மற்றவர் சட்டியில் சமைத்ததைத் தொடமாட்டாராம். அதற்காக ரெனேயின் அம்மா ஒரு சின்னத் தாச்சியைத் தனியாக ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பிடியில் அடையாளம் கீறியிருக்கும். வியாபாரி வந்தால் அதை இறக்கி, தானே இரண்டு முட்டை பொரித்து, எல்லாரோடும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார். "அதுதான் உனக்கும் வாங்கினனான். நீ எங்களோட இருக்கவேணும் எண்டு." எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். போர் வந்தது என்றார். ஒருநாள் யூதர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பெட்டியோடு ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று கட்டளை. வியாபாரியும் மனைவியும் பெட்டியோடு இவர்கள் வீட்டு வாசலால் நடந்து போனார்கள். மத்தியானம், மேசையில் சூப் ஆவி பறக்கிறது. ரெனேக்கு ஆறு வயது. ஜன்னலுக்கு ஓடினவரை அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். அந்த வியாபாரி வாசலில் கொஞ்சம் மெதுவாக நடந்தாராம்.

"அம்மா வாங்கோ எண்டு ஒருதரம்கூடச் சொல்லேல்லை" என்றார் ரெனே. "பயம். அதுக்குப் பிறகு அவையள் திரும்பி வரேல்லை. தாச்சி ஆணியில கிடந்தது. அம்மா அதைக் கழற்றவும் இல்லை, அதில ஒண்டும் பொரிக்கவும் இல்லை. சொல்லை மட்டும் நாங்கள் வச்சுக்கொண்டம்." எழும்பிப் போய் அடுப்பைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். மூன்றுதரம் கேட்கிற விளையாட்டை ரெனே ஏன் ஒருநாளும் விடாமல் செய்தார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

நாலு வருசம் அங்கே வேலை செய்தேன். பிறகு மச்சானோடு சேர்ந்து லா சப்பலில் சொந்தக் கடை போட்டோம். கடை பிடித்துவிட்டது. கலியாண வீட்டு, சாமத்திய வீட்டுச் சாப்பாட்டு ஓடர்கள் வரத் தொடங்கின. நானும் மெல்ல மெல்லப் பெரிய மனுசனாகினேன். கோயில் திருவிழா உபயகாரர் பட்டியலில் பெயர், வீடியோவில் முன்வரிசை, எல்லாம்.

ஒருநாள் மத்தியானம், கூசேன்வில்லில் இருந்து ஒரு பெண் வீட்டார் கலியாண ஓடர் கதைக்க வந்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஊரில் எங்கள் அயலூர்க்காரர், என் ஐயாவைத் தெரிந்தவர். "தம்பி வந்த புதிசில என்ன செய்தனீர்?" என்று கேட்டார். நானோ, வாய் கூசாமல், "ஒரு பெரிய பிரெஞ்சு ரெஸ்டோரண்டில மனேச்சரா இருந்தனான்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ரெனே வருகிறார்.

கனகாலம் கண்டிருக்கவில்லை. வயது போய்விட்டது, பெரிய நெஞ்சு உள்ளே விழுந்துவிட்டது. பழைய கோட், கையில் பிளாஸ்டிக் பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நானும் சிரித்துக்கொண்டு, மேசையை விட்டு எழும்பாமலே, "சாப்பிடுறீங்களா ஷெஃப்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"நொன், மெர்சி. ஜே மோன்ஜே" என்றார். சொல்லிவிட்டு ஒரு விரலை நீட்டினார். "ஒண்டு!"

பெண்ணின் தகப்பன் திரும்பிப் பார்த்தார். "அட, வெள்ளை தமிழ் கதைக்குது! ஆரிது?"

இந்த மனுசன் இப்போது இந்த மேசையில் வந்து இருந்தால் என்ன நடக்கும்? சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லுவார். கோப்பை கழுவினது, ஒன்பது நாள், எச்சில் கிழங்கு எல்லாம் வெளியே வரும். "இல்லை அண்ணை, ஆரோ பழைய கிளியோன்" என்றேன். கிளியோன் என்றால் வாடிக்கையாளர். லா சப்பலில் நாங்கள் தமிழ் கதைக்கும்போதும் அந்தப் பிரெஞ்சுச் சொல்தான் வாயில் வரும். நான் சொன்ன வசனத்தில் ரெனேக்கு விளங்கக்கூடிய ஒரேயொரு சொல் அதுதான்.

அவர் முகத்தில் சிரிப்புக் கொஞ்சம் தங்கி நின்றது. நான் அவசரமாக, "வடிவாச் சாப்பிட்டிட்டீங்களா?" என்று பிரெஞ்சில் இரண்டாந்தரம் கேட்டேன். ஓம் என்று தலையாட்டினார். இரண்டாவது விரல் கோட்டோடு ஒட்டினபடி மெல்ல நீண்டது. இந்தத் தரம் வாயால் எண்ணவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களுக்குச் சொன்னால் அது இன்னொரு பொய். அந்த மனுசன் எதற்காக நிற்கிறார் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"சரி" என்றேன்.

விரல்களை மடக்கிக் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிளாஸ்டிக் பையை வாசலோரக் கதிரையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் தலையைக் குனிந்து, போய்விட்டார். பெண் வீட்டார் றோல்ஸ் எத்தனை, பாயாசம் எப்படி என்று கேட்க, நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்நேரம் பையைத் திறந்தேன். பத்திரிகைத் தாளில் சுற்றி அந்தச் சின்னத் தாச்சி. பிடியில் மூன்று கோடு.

நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இரண்டு மாதம் போனது. போகாமல் இருக்க வேலை ஒரு நல்ல சாட்டு. கடைசியில் ஒருநாள் முட்டைப் பொரியலும் சோறும் பார்சல் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கீழே தபால் பெட்டியில் அவருடைய பெயரைக் கிழித்திருந்தார்கள். கட்டடத்தைப் பார்க்கிற மனுசி, அவர் செத்து மூன்று கிழமை என்றாள். அவர் வேலை செய்த கடையும் அவர் என்னிடம் வரமுன்னமே பூட்டியாகிவிட்டது, அதுதான் தாச்சியை எடுத்து வந்திருக்கிறார். பார்சல் கையில் இன்னும் சூடாக இருந்தது. அதை வழியில் என்ன செய்தேன் என்று நினைவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி விற்கிறார்கள். சிவம் அண்ணை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே காலமாகிவிட்டார். பதினொரு மணி மேசை என் கடையில் ஒருநாளும் இருந்ததில்லை. வேலை செய்கிற பெடியங்கள் நின்றபடியே ஆளுக்கொரு நேரத்தில் விழுங்குவார்கள். கடையையும் போன வருசம் கைமாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் கதையை "மூண்டு!" என்று முடித்ததும் மேசையில் ஒரே சிரிப்பு. மகள்தான் கேட்டாள்: "பாவம், நல்ல மனுசன். பிறகு அவர் உங்கட கடைக்கு ஒருநாளாவது சாப்பிட வந்தவரா?"

"ஓம். வந்தவர்."

"என்ன குடுத்தனீங்கள்?"

"ரெண்டு முட்டை" என்றேன்.

அவளுக்கு நல்ல சந்தோசம். பெடியனுக்கும். மனைவி குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றாள். என் கோப்பையில் புட்டு வைத்தபடியே கிடந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, சாப்பிடேல்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"சாப்பிட்டிட்டன்" என்றேன். பழக்கதோசம்.

"சரி" என்று அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.